ஒரே நாளில் மைசூர்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கோபிக்காரன்:

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மைசூர் என்றால் திம்பம் மலைப்பாதை வழிதான். அதனால் எங்கள் திட்டத்தில் முதல் வரி அரண்மனைக்கு இல்லை, மலையடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டுக்கு. காட்டு விலங்குகள் வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன என்று வழக்குப் போய், 2022 பிப்ரவரியிலிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மலைப்பாதையில் கார்களை விடுவதில்லை. ஊட்டி, கூடலூர் சுற்றிப் பந்திப்பூர் வழியாகப் போகலாமே என்று மச்சான் யோசனை சொன்னார். அங்கேயும் அதே ஒன்பது, அதே ஆறுதான். அது 2009லிருந்தே இருக்கிறது.

ஆக, இரண்டு கேட் நேரத்துக்கு நடுவில் என்ன கிடைக்கிறதோ அதுதான் எங்களுக்கு ஒரு நாள். பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். ஒன்பதுக்குள் மலை இறங்க வேண்டுமென்றால், வழியில் டீ, பிள்ளைகளின் வாந்தி, லாரி எல்லாம் சேர்த்து மைசூரை ஐந்தரைக்கு விட்டாக வேண்டும். வீட்டம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அரண்மனை விளக்கலங்காரம் ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் இரவு ஏழு மணிக்குத்தான். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு ஒரே சமயத்தில் எரிவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு அன்றே மலை இறங்குவது நடக்காத காரியம்.

சரி, விளக்கே கிடையாது என்றான பிறகு ஞாயிற்றுக்கிழமை எதற்கு? கூட்டத்தில் இடிபடவா? அரையாண்டு லீவில் ஒரு புதன்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். ஆறு மணிக்கு முன்பே பண்ணாரியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, சாமராஜநகரில் இட்லி சாப்பிட்டோம். மாமியாருக்காக முதலில் சாமுண்டி மலை. மதியம் இரண்டு மணிக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள், அதனால் மலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. படி ஏறினால் ஆயிரம். நாங்கள் காரில் மேலே போய்விட்டு, இறங்கும்போது நந்தியைப் பார்த்தோம். ஒரே கல், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம்.

அரண்மனையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மேலே மயில் போட்ட வண்ணக் கண்ணாடிக் கூரையையே பார்த்துக்கொண்டு நகர்கிறார்கள். மாமியார் மட்டும் சுவரோரம் நின்றுவிட்டார். சுற்றிலும் தசரா ஊர்வலம் ஓவியமாக இருக்கிறது. குதிரைப் படை, பல்லக்கு, பக்கத்தில் நிற்கும் கூட்டம். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு முகம். தலைப்பாகை கட்டிலும் வித்தியாசம். "இவன் பாரு, ஊர்வலத்தைப் பார்க்காம நம்மளப் பாக்கறான்" என்று ஒருவரைக் காட்டினார். உண்மைதான்! பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ளியும் அவர் அசையவில்லை. எனக்கு அந்த ஓவியங்களுக்காகவே மறுபடி போகலாம் என்று இருக்கிறது.

மிருகக்காட்சி சாலையைத் திட்டத்திலேயே வெட்டிவிட்டோம். பிள்ளைகளோடு உள்ளே போனால் மூன்று மணி நேரம் போய்விடும். பிருந்தாவனம் இருட்டிய பிறகு நீரூற்று ஆடுவதற்காகப் போகிற இடம், அதுவும் இல்லை. வரும் வழியில் நஞ்சன்கூட்டில் ஒரு சீப்பு ரசபாளே வாழைப்பழம். மாநில எல்லையில் காராப்பள்ளம் கேட் வருவதற்குள் தோல்தான் மிச்சம்.

பெரம்பூர் வாசி:

கோபிக்காரர் வீட்டம்மாவுக்கு ஒரு வழி இருக்கிறது: ரயில். சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினால் விடியற்காலைக்குப் பிறகு மைசூர், திரும்புவதும் ராத்திரிதான். உங்கள் பக்கத்துக்கு வேறு ரயில் பார்க்க வேண்டும், ஆனால் கணக்கு ஒன்றுதான். பையை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிட்டால் விளக்கு எரிந்த பிறகும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போனோம். காலையில் நசர்பாத்தில் மைலாரி தோசை. அந்தத் தெருவில் அதே பெயரில் ஒன்றுக்கு மேல் கடை இருக்கிறது, ஒவ்வொருவரும் தங்களுடையதே பழசு என்பார்கள். பசி வேளையில் ஆராய்ச்சி செய்யவில்லை. தோசை முறுகலாக இருக்காது, விரலால் தொட்டாலே மடங்கும்; மேலே வெண்ணெய்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சேதி. 1897இல் அரச குடும்பத்துக் கல்யாணத்தின்போது தீப்பிடித்துப் பழைய மர அரண்மனை எரிந்துபோனது. இப்போது இருக்கும் அரண்மனையைக் கட்ட அழைக்கப்பட்டவர் ஹென்றி இர்வின். நம் ஹைகோர்ட்டிலும் எழும்பூர் மியூசிய வளாகத்துச் சிவப்புக் கலைக்கூடத்திலும் கைவைத்த அதே ஆள். கட்டி முடிக்க 1912 ஆகிவிட்டது. குவிமாடங்களைப் பார்த்ததும் என் பையன், "அப்பா, ஹைகோர்ட் மாதிரியே இருக்கு" என்றான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

திருப்பூர் தங்கை:

அரண்மனைப் பக்கம் ஆட்டோ விஷயத்தை யாரும் சொல்லவில்லையே! கிழக்கே பெரிய வாசல் ஒன்று இருக்கிறது, பார்த்தால் அதுதான் வழி என்று தோன்றும். ஆனால் சுற்றுலாப் பயணிகளை விடுவது தெற்கே வராக வாசல் வழியாக. நாங்கள் கிழக்கு வாசலில் நின்று முழித்தபோது ஓர் ஆட்டோ அண்ணன் வந்து, நல்ல தமிழில், "அக்கா, இன்னைக்கு மத்தியானம்தான் தொறப்பாங்க. பாருங்க, கேட்டு மூடியிருக்கு. அதுக்குள்ள சந்தன எண்ணெய் எடுக்கற எடம் காட்டறேன், அம்பது ரூபா குடுங்க போதும்" என்றார். சாத்திய கதவு கண்ணெதிரே இருக்கும்போது நம்பாமல் என்ன செய்வது? என் அக்காதான், அரண்மனைக்கு வார விடுமுறையே கிடையாது, காலை பத்து மணிக்கே திறந்துவிடும் என்று படித்து வைத்திருந்தாள். "அண்ணா, நாங்க தெக்கு வாசலுக்குப் போறோம்" என்றதும் சிரித்துக்கொண்டே, "அப்போ இந்தப் பக்கம் நேரா போங்க" என்று அவரே கை காட்டினார். கோபப்படவும் தோன்றவில்லை.

நாகர்கோவில் டீச்சர்:

மைசூர் இல்லை, கொச்சி. ஆனால் கிழமை விஷயம் அதே கதை. மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை வெள்ளிக்கிழமை கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் 1568ஆம் ஆண்டு யூத ஜெபாலயம் வெள்ளியும் சனியும் கிடையாது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சனிக்கிழமைதான் வசதி. நான் ஒருத்தி பிடிவாதமாக ஞாயிறு என்றேன், முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். ஜெபாலயத்தின் தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்று போல இன்னொன்று இல்லை என்று காவலாளி சொன்னதும் கணக்கு டீச்சர் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். படகுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

கோபிக்காரன்:

பெரம்பூர் வாசி அண்ணா, வீட்டில் படித்துக் காட்டினேன். ரயில் டிக்கெட் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. தசரா சமயம் வேண்டாம், வேறு ஏதாவது ஞாயிறு என்று சொல்லியிருக்கிறேன். திருப்பூர் தங்கை, வராக வாசலைக் குறித்துக்கொண்டேன்.