வர முடியாதவர் வீட்டில் கிறிஸ்துமஸ்: பெண்கள் கூடுகை அனுபவங்கள்

பெருந்துறை பக்கத்திலிருந்து:

சகோதரிகள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெண்களை மட்டும் கூட்டி வேதம் வாசித்து ஜெபிக்கிற கூடுகையை வீட்டில் எப்படி நடத்துவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் நடந்ததை நீங்களும் எழுதுங்கள்.

பெண்களுக்கு ஏன் தனியாக என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பர் பிறந்தால் நமக்கு உட்கார நேரம் ஏது? வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவி, கச்சாயமும் முறுக்கும் சுட்டு, ஞாயிறு பள்ளி நாடகத்துக்குப் பிள்ளைகளின் துணியைத் தயார் செய்து, நடுராத்திரிக்கு மேல் வருகிற கேரல் ரவுண்ட்ஸுக்குச் சுக்குக்காப்பி போட்டு, 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனைக்கு வந்து உட்காரும்போது கண் சொருகுகிறது. மனசு வீட்டில் ஊற வைத்த கறியில் இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் பிறப்பின் செய்திக்கு முதன்முதலில் வாய் திறந்து துதிப்பவர்கள் எலிசபெத்தும் மரியாளும். சகரியாவின் பாட்டுகூட அவர்களுக்குப் பிறகுதான். அந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதை நம் வீட்டுப் பெண்கள் நிதானமாகக் கேட்க ஒரு மத்தியான வேளையாவது வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கூடுகை.

முதலில் எங்கள் வீட்டில்தான் வைத்தோம். நல்ல கூட்டம், நல்ல பாட்டு. பிறகு ஒரு வருசம் நடந்த ஒரு காரியம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

எங்கள் சபையில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆடி மாசத்தில் தவறிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வருசம் திரும்பாமல் அந்த வீட்டில் நோம்பி இல்லை. பலகாரம் சுடுவதில்லை, புதுத்துணி இல்லை, நட்சத்திரம் கட்டுவதில்லை. விசுவாசிகளுக்கு இதெல்லாம் தேவையா என்று மேடையில் நின்று சொல்வது சுலபம். மாமியாரும் சொந்தபந்தமும் சுற்றி இருக்கிற வீட்டில் அந்தப் பெண் என்ன செய்வாள்? கூப்பிடப் போனபோது, "நான் வந்து உக்காந்தா உங்க சந்தோசமெல்லாம் போயிருமுங்க்கா, நீங்க நடத்துங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா சொன்னார்: "அவ வர முடியாதுன்னா நாம போலாமுங்க. மரியாள் போகலியா?"

அன்று ராத்திரி லூக்கா முதல் அதிகாரத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். எலிசபெத்து ஐந்து மாதம் வெளிப்படாதிருந்தாள் என்று 24, 25 வசனங்களில் இருக்கிறது. ஆறாம் மாதத்தில்தான் மரியாளுக்குச் செய்தி வருகிறது. கேட்டவுடன் எழுந்து, மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போகிறாள். நாசரேத்திலிருந்து யூதேயா மலைநாடு 100 கிலோமீட்டருக்கு மேல். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூருக்கு நடப்பதைவிடக் கூடுதல். எலிசபெத்து வெளியே வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. போய்ச் சேர்ந்த வீட்டில் ஆம்பிளை சகரியா பேச்சற்று இருந்தார். ஏறக்குறைய மூன்று மாதம் அந்த வீட்டில் கேட்ட குரல் பெரும்பாலும் இந்த இரண்டு பேருடையதாகத்தான் இருந்திருக்கும். இத்தனை வருசம் படித்தும் இது என் மனசில் அப்படிப் பட்டதில்லை.

முதலில் அந்த அக்காவின் மாமியாரிடம் போய்க் கேட்டோம். இது ரொம்ப முக்கியம். பெரியவர்களைத் தாண்டி மருமகளிடம் மட்டும் பேசி ஏற்பாடு செய்தால், நாம் கிளம்பிய பிறகு அந்தப் பெண்தான் பேச்சு வாங்குவாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாட்டு கீட்டு வேண்டாங் கண்ணு. படிச்சு ஜெபம் பண்றதுன்னா வாங்க" என்றார். சரியென்று வந்தோம்.

கோயிலிலிருந்து பவானி ஜமுக்காளம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், விரித்தோம். சுவரில் அவர் போட்டோ, அதற்கு மேல் ஒரு சின்ன பல்பு. யாரும் பட்டுச்சேலை கட்டி வரவில்லை. அப்படி நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. லூக்கா 1-ஐ ஆளுக்கொரு வசனமாக வாசித்து, பிறகு இரண்டாம் அதிகாரத்தில் அன்னாளின் பகுதிக்கு வந்தோம். ஆசேர் கோத்திரத்தாள், பானுவேலின் மகள், ஏழு வருசம் புருசனோடு வாழ்ந்தவள், எண்பத்து நான்கு வயது விதவை. மாமியாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், "இரு கண்ணு, அதை இன்னொருக்கா படி. எத்தனை வருசம் இருந்தாளாம் புருசங்கூட?" என்றார்.

"ஏழு வருசமுங்க ஆத்தா."

"எனக்கு ஒம்போது."

அதற்குமேல் நாங்கள் வாசிக்கவே இல்லை. அந்த அம்மா பேசினார். தன் வீட்டுக்காரர் கிணறு வெட்டப் போன இடத்தில் எப்படித் தவறினார், அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தன்னை யாருமே எட்டிப் பார்க்காதது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நின்று கோயில் மணியைக் கேட்டது. மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் மருமகளிடம் நாலு மாசமாகச் சரியாக முகம் கொடுக்காதவர் அவர். மருமகள் இந்தக் கதையை அன்றுதான் முதல்முறை கேட்கிறாள். அவள் எழுந்து போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஐயரம்மா சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். கிளம்பும்போது மாமியாரே, "ஒறம்பரை வந்துட்டு வெறும் வாயோட போகக் கூடாது அம்மணி, காப்பி வையி" என்றார்.

அதிலிருந்து வசதியான வீட்டை நாங்கள் தேடுவதில்லை. யாரால் வர முடியவில்லையோ, அந்த வீட்டைத்தான் தேடுகிறோம். நவம்பர் கடைசியிலேயே ஐயரம்மாவும் நாங்கள் சிலரும் உட்கார்ந்து யோசிப்போம். வீட்டில் முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், பிரசவமாகி நாள் கழியாதவர்கள், குழந்தை இல்லை என்ற பேச்சுக்குப் பயந்து விசேசங்களுக்கே போகாதவர்கள், வீட்டில் தான் மட்டும் விசுவாசியாக இருப்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்கள் விசயத்தில் நிதானம் வேண்டும். வீட்டாருக்கு மனசில்லை என்றால் போகக் கூடாது. அவர்கள் நிம்மதியைக் கெடுத்துவிட்டு நாம் என்ன பண்டிகை கொண்டாட?

இது நாங்கள் கண்டுபிடித்த புது வழியும் இல்லை. லண்டன் மிஷனின் மிஷனரி அடிஸ் ஐயர் கோயமுத்தூருக்கு வந்தது 1830-ல். பின்னாளில் மிஷன் சபைகளில் வேதாகம ஸ்திரீகள் என்று இருந்தார்கள். வெளியே வர வழியில்லாத பெண்களைத் தேடி வீடு வீடாகப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மில் பலருடைய பாட்டிமாரின் விசுவாசம் அப்படி ஒரு திண்ணையில் தொடங்கியதுதான்.

நேரம் எங்களுக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. பண்ணையம் இருக்கிற வீடுகளில் அதற்கப்புறம் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளும் வந்துவிடும். போகிற வீட்டில் எங்களுக்காக அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. பெரியவர்கள் அவர்களாக வற்புறுத்தினால் தவிர. வறுத்த கடலை, பழம், பிளாஸ்க்கில் காப்பி எல்லாம் நாங்களே கொண்டு போகிறோம். பரிசுப் பொருள் மாற்றிக்கொள்வதை விட்டுவிட்டோம். அதில் வசதி உள்ளவர், இல்லாதவர் பேதம் வந்துவிடுகிறது. பிரசங்கம் இல்லை. ஒரே பகுதியை மெதுவாக இரண்டு தடவை வாசிப்போம். வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் இரண்டாம் தடவை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிடுவோம். அப்போது எல்லோரும் ஒரே மாதிரி கேட்கிறவர்களாகிவிடுகிறோம். பிறகு ஒரே கேள்வி: "இதுல நீங்க எங்க இருக்கறீங்க?" பதில் வராவிட்டாலும் அவசரப்பட்டு யாரும் இட்டு நிரப்பக் கூடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஒரு பெண் ஒருமுறை மனசு திறந்து, அது மறுநாள் ஊருக்குள் சுற்றிவிட்டால், அவள் இனி ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டாள்.

திருப்பூரிலிருந்து:

அக்கா, நீங்க எழுதினதை என் கூட வேலை பாக்குறவங்களுக்கு வாசிச்சுக் காட்டுனேன். நான் தூத்துக்குடி பக்கம். கல்யாணமாகி வந்து பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். எங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணியெல்லாம் நடக்காது. சனிக்கிழமை சம்பளம், ராத்திரி வரைக்கும் ஓவர்டைம், ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை, அப்புறம் வாரம் முழுக்கச் சேந்த துணி. சாயங்காலம் அஞ்சு மணிதான் தோது. லைன் வீட்டுல ஒரே ரூம்தான். உள்ள இடம் பத்தலைன்னா வாசப்படியில, மாடிப்படியில உக்காந்துக்கிடுவோம்.

போன வருசம் ஷிப்மென்ட் முடியலைன்னு நிறைய பேர் ஊருக்குப் போக முடியல. சத்திரத்துல அவங்களுக்கு இடமில்லைன்னு வாசிச்சப்ப, நீங்க கேக்கிற மாதிரி கேள்வி ஒண்ணும் நாங்க கேக்கல. ஆனா ஒருத்தர் மாத்தி ஒருத்தர், வீடு தேடி அலைஞ்ச கதையைச் சொன்னோம். அட்வான்ஸ் தொகை கேட்டு மலைச்சது, பிள்ளைங்க இருக்குன்னு சொன்னதும் வீடு இல்லைன்னது. ஜார்க்கண்ட்ல இருந்து வந்த ஒரு பிள்ளை எங்க பக்கத்து ரூம். தமிழ் அவ்வளவா வராது. அவளும் விசுவாசின்னு எங்களுக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. சத்தம் கேட்டு வந்து கதவுகிட்ட நின்னா. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சோம். அவ போன்ல இந்தி வேதாகமம் இருந்துச்சு. அதே பகுதியை அவ வாசிச்சா. பேர் மட்டும்தான் எங்களுக்குப் பிடிபட்டுச்சு. ஆனா மந்தையைக் காக்குற இடம் வந்ததும், அவங்க ஊர்ல ஆடு மேய்க்கிற அவ அம்மாவை நினைச்சு அழுதுட்டா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டே தமிழ்ல ஜெபம் பண்ணுனோம். இப்ப எங்க கூடத்தான் ஆலயத்துக்கு வாரா.

கருமத்தம்பட்டி பக்கத்திலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர். பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டமே வீடு வீடாகச் சுற்றி நடப்பதுதான் என்பதால் நீங்கள் சொன்னது எங்களுக்கும் பழக்கமானது. ஜெபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளில் இரண்டாவதே மரியா எலிசபெத்தைச் சந்தித்ததுதான். திருவருகைக் காலத்து நான்கு வாரமும் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றுகிறோமே, அதை நான்கு வீடுகளில் ஏற்றலாம் என்று இதைப் படித்ததும் தோன்றியது. எங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு சகோதரி இருக்கிறார். முதல் மெழுகுவர்த்தி அவர் வீட்டில்.

கோவையிலிருந்து:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. நாங்கள் ஹால் பிடித்து, நூறு பேருக்குக் குறையாமல் பெண்களை அழைத்து நடத்துகிறோம். சரவணம்பட்டி பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் கூட வேலை செய்கிற தோழிகளை அழைத்து வருவார்கள். விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வீட்டின் ஆசாரத்தில் பத்துப் பேர் நடுவே உட்காருவது கூச்சம். ஹாலில் கடைசி வரிசையில் உட்காரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். அந்தச் சுதந்திரமும் ஒரு மரியாதைதான். பாட்டும் விளக்கும் அலங்காரமும் வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பெருந்துறை பக்கத்திலிருந்து:

கோவைச் சகோதரி சொல்வது நியாயம். எழுந்து போகிற சுதந்திரம் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. ஹால் கூடுகையும் வேண்டும். பெத்லெகேமில் வானசேனையின் திரள் வந்து பாடத்தான் செய்தது. என் ஆதங்கம் ஒன்றுதான். நூறு நாற்காலி போடும்போது, வராத பெண் யார் என்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அழைப்பிதழ் கொடுக்கும்போதே "வர முடியாது" என்றவர்களின் பெயரை ஒருவர் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹால் நிகழ்ச்சி முடிந்த வாரம் நாலு பேர் அந்த வீடுகளுக்குப் போங்கள்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து:

அக்கா, எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேனுங்க. எங்க அத்தை பக்கவாதத்துல படுத்த படுக்கையா இருக்காங்க. திருப்பிப் படுக்க வைக்க நான் ஒருத்திதான். கோயிலுக்குப் போயே ரொம்ப நாளாச்சுங்க. வீடு மருந்து வாசமா இருக்கும், அத்தை சில நேரம் சத்தம் போடுவாங்க. இப்படிப்பட்ட வீட்டுக்கெல்லாம் வருவீங்களா?

பெருந்துறை பக்கத்திலிருந்து:

வர்றோம் கண்ணு. அத்தைக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சம்மதமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. அத்தை எந்த நேரம் முழிச்சிருப்பாங்க, எப்ப கஞ்சி குடுப்பே, அதைப் பார்த்து நேரம் வெச்சுக்கலாம். அவங்க படுத்திருக்கற ரூம்லயே உக்காந்துக்கறோம், அவங்களும் கேக்கட்டும். சத்தம் போட்டா போடட்டும். ஜமுக்காளமும் காப்பியும் நாங்க கொண்டாறோம். எங்கள்ல ரெண்டு பேருக்கு நர்ஸ் வேலை பழக்கம், அன்னைக்கு அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கறதை அவங்க பாத்துக்குவாங்க. அட்ரஸை இங்க போடாம எனக்குத் தனியா அனுப்பு.