சீசன் டிக்கெட்டை விட்டுவிட்டேன்: அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் பழைய ரசிகனுக்கு இனி இடம் இல்லையா?

மேல்தளத்து மூர்த்தி:

இந்த வருடம் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், தென் மாநிலப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான எஸ்இசி-யில் ஆடும் அணி, அவ்வளவு போதும். மாஸ்டர்ஸ் படிக்க வந்த ஊரிலேயே வேலை கிடைத்து, குடும்பமும் அங்கேயே ஆகி, ஸ்டேடியத்தின் மேல்தளத்தில் நாலு சீட்டை வருடக்கணக்காக வைத்திருந்தவன் நான். கோச் மாறி கோச் வந்து அணி அடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நவம்பர் மழையில், சுற்றி வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்க, ஆட்டம் முடியும் வரை உட்கார்ந்திருக்கிறோம். இப்போது அணி ஜெயிக்கிறது, எங்களால்தான் உள்ளே போக முடியவில்லை.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிக்கெட்டின் விலை ஒன்று. அந்த டிக்கெட்டை வாங்கும் உரிமைக்காக ஒவ்வொரு சீட்டுக்கும் விளையாட்டுத் துறைக்குக் கட்ட வேண்டிய நன்கொடை இன்னொன்று, அதைக் கட்டாவிட்டால் சீட் போய்விடும். பார்க்கிங் பாஸ் தனி. எங்கள் பகுதிக்கு அந்த நன்கொடையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். ஹோட்டலில் வார இறுதி என்றால் இரண்டு இரவு கட்டாயம் என்கிறான். பல ஆட்டங்கள் மதியமா ராத்திரியா என்பதை டிவிக்காரர்கள் 12 நாளுக்கு முன்னால், சில வாரம் 6 நாளுக்கு முன்னால்தான் முடிவு செய்கிறார்கள், நாலு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவன் என்ன திட்டம் போடுவான்?

எஸ்இசி மாதிரியே இன்னொரு கூட்டமைப்பான பிக் டென், 2022-இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று டிவி நிறுவனங்களோடும் போட்ட ஏழு வருட ஒப்பந்தம் 7 பில்லியன் டாலருக்கு மேல். சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு இஎஸ்பிஎன் டிவி கொடுப்பது ஆறு வருடத்துக்கு 7.8 பில்லியன். இவ்வளவு பணம் மேலிருந்து கொட்டும்போது மேல்தளத்துக் குடும்பத்தையும் ஏன் பிழிய வேண்டும்? எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

கொலம்பஸ் சேகர்:

மூர்த்தி சார், வருத்தம் புரிகிறது, ஆனால் இதில் அநியாயம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. டென்னசி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில், அடுத்த சீசன் டிக்கெட்டுகளுக்கு 10 சதவீதம் 'டேலண்ட் ஃபீ' என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள், வீரர்களோடு வருமானத்தைப் பகிர வேண்டியிருக்கிறது, அதற்காக என்று. அது போக சராசரியாக 4.5 சதவீத விலையேற்றம். ரசிகர்கள் கத்தினார்கள். ஆனால் அவர்களுடைய நெய்லண்ட் ஸ்டேடியத்தில் இருப்பது 101,915 இடம், 2025-இல் ஜார்ஜியா அணி ஆட வந்தபோது ஒரு சீட்டாவது சும்மா கிடைத்திருக்குமா?

ஒரு சீட்டுக்கு ஐந்து பேர் நிற்கும்போது விலை ஏறத்தான் செய்யும். பல்கலைக்கழகம் விலையைக் குறைத்து வைத்தால் அந்த வித்தியாசம் ரசிகனுக்குப் போகாது, வாங்கி மறுநாளே ஸ்டப்ஹப் என்ற மறுவிற்பனைத் தளத்தில் ஏற்றுகிறவனுக்குத்தான் போகும். சீசன் டிக்கெட் வாங்கி, பெரிய ஆட்டத்தை மட்டும் விற்று மொத்தக் காசையும் எடுத்துவிடுகிறவர்கள் நம் நண்பர் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பணம் கல்லூரிக்குப் போனால் என்ன?

மேல்தளத்து மூர்த்தி:

டென்னசியைச் சொன்னீர்களே, அதே டென்னசி 2017-இல் எஸ்இசி ஆட்டம் எட்டிலும் தோற்றது. அலபாமாவிடம் 2007 முதல் 2021 வரை தொடர்ந்து பதினைந்து தோல்வி. அப்போது உங்கள் வரிசையில் நின்ற ஐந்து பேர் எங்கே இருந்தார்கள்? ஒருவன் இருந்தான், அவன்தான் சீட்டுக்குப் பணம் கட்டி உட்கார்ந்தான். 2022 அக்டோபரில் 52-49 என்று அலபாமாவை ஜெயித்து, கோல்போஸ்ட்டைப் பிடுங்கி டென்னசி ஆற்றில் போட்டார்களே, அதற்கு அப்புறம்தான் மற்ற நாலு பேரும் வந்தார்கள். 2023 சீசனுக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்து காத்திருப்போர் பட்டியலே வந்துவிட்டது.

கெட்ட வருடங்களில் காலி சீட்டுக்குச் சந்தை விலை என்ன, கிட்டத்தட்ட பூஜ்யம். நாங்கள் முழு விலை கட்டினோம். நன்றாக ஆடும் வருடத்தில் மட்டும் சந்தை விலை கட்டு என்பது எப்படி நியாயம்? இரண்டு பக்கமும் அவர்கள் சௌகரியம்தான்.

நீச்சல்குளத்து அப்பா:

இதில் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மகள் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் நீச்சல் அணியில் இருக்கிறாள். நீச்சல் போட்டிக்கு யார் டிக்கெட் வாங்குகிறார்கள்? பெற்றோர்தான் வந்து உட்காருகிறோம். கோச், பயணம், பிசியோ, ஸ்காலர்ஷிப் எல்லாம் ஃபுட்பால் வருமானத்தில் நடக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தம், படகோட்டம் எல்லாமே அப்படித்தான்.

2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய 'ஹவுஸ்' வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்தை அங்கீகரித்த நாளிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. ஒரு பல்கலைக்கழகம் 2025-26-இல் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாக வீரர்களுக்குக் கொடுக்கலாம், அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும். அது போகப் பழைய வீரர்களுக்குப் பத்து வருடத்தில் 2.8 பில்லியன் நஷ்டஈடு. இந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். டிக்கெட்டில் வராவிட்டால் என் மகளின் அணியை மூடுவார்கள்.

இன்னொன்றையும் மனதில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் உங்களுக்கு மலிவாக டிக்கெட் கிடைத்ததற்கு, களத்தில் முட்டி உடைத்துக்கொண்டவனுக்குச் சம்பளம் இல்லாததும் ஒரு காரணம். அந்த விலை திரும்ப வேண்டும் என்றால் அந்தக் காலமும் திரும்ப வேண்டும்.

மேல்தளத்து மூர்த்தி:

சார், வீரர்களுக்குப் பணம் கொடுப்பதை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன், 2021-இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று வீரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னபோது சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் அவர்களுக்குக் கொடுக்காமல் மிச்சமான பணம் எங்கள் டிக்கெட் விலையைக் குறைத்தது என்பதை ஏற்க மாட்டேன். அது எங்கே போனது என்று பாருங்கள். கிளெம்சன் 2017-இல் 55 மில்லியன் டாலருக்கு ஃபுட்பால் கட்டடம் கட்டியது, உள்ளே சறுக்குமரம், பௌலிங், மினி கோல்ஃப். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை வெளியே அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை சுமார் 76 மில்லியன். வேலை பார்ப்பதற்கு அல்ல, பார்க்காமல் இருப்பதற்கு! நீங்கள் சொல்லும் 20.5 மில்லியன் உச்சவரம்பில் மூன்றரை வருடத்துக்கு மேல் வீரர்களுக்குக் கொடுத்திருக்கலாம். 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் தன் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினையும், எல்எஸ்யு தன் கோச் பிரையன் கெல்லியையும் அனுப்பியபோதும் இதே கதை, ஒப்பந்தப்படி இரண்டும் 50 மில்லியனைச் சுற்றி.

உங்கள் மகளின் அணியை மூட நினைப்பவன் மேல்தளத்தில் இல்லை. அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறவனிடம் கேளுங்கள்.

ஆன் ஆர்பர் அகிலா:

மூர்த்தி அண்ணா, சேகர் சார், நான் படித்த மிஷிகனில் நடந்ததைச் சொல்கிறேன். 2013-இல் ஒற்றை ஆட்ட டிக்கெட்டுக்கு, தேவையைப் பொறுத்து ஏறி இறங்கும் விலை கொண்டுவந்தார்கள். 2014-இல் மாணவர் சீசன் டிக்கெட் 280 டாலர். மாணவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள், ஒரே வருடத்தில் பல ஆயிரம் குறைந்தது. அந்த செப்டம்பரில் இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்று ஒரு விளம்பரம் வந்ததைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கொதித்துப் போனோம், முழு விலை கட்டியவர்கள் நாங்கள். பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டு முன்னால் மாணவர்கள் கூடி, விளையாட்டு இயக்குநர் டேவ் பிராண்டனை நீக்கச் சொன்னார்கள். அக்டோபர் 31 அன்று அவர் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த ஜிம் ஹாக்கெட் மாணவர் டிக்கெட்டை 175 டாலராகக் குறைத்தார்.

அதனால் விலை ஏறினால் ஏறியதுதான் என்பது சரியில்லை. கேட்டால் இறங்கும்.

கொலம்பஸ் சேகர்:

அகிலா, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2014-இல் மிஷிகன் 5-7 என்று, அதாவது ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று ஆடியது. மினசோட்டா ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தடுமாறிய குவாட்டர்பேக்கை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரை, மறுபடி களத்தில் இறக்கினார்கள், அந்தக் கூட்டம் கூடியதே அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து. அணி 11-1 என்று போயிருந்தால் பிராண்டன் நாற்காலியை யாரும் அசைத்திருக்க மாட்டார்கள். ஆக அதுவும் சந்தைதான், ஆட்டம் மோசம், விலை இறங்கியது.

எங்கள் ஓஹையோ ஸ்டேட் வருடத்துக்கு 250 மில்லியன் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் இடம், அதுவே 2024 நிதியாண்டில் 37 மில்லியனுக்கு மேல் பற்றாக்குறை காட்டியது. 36 அணிகளை நடத்துகிறார்கள். வீரர்களோடு பகிர்வு தொடங்குவதற்கு முன்னாலேயே இந்த நிலைமை.

அப்புறம் மூர்த்தி சார், நன்கொடை பாரமாகிவிட்டதில் வாஷிங்டனுக்கும் பங்கு உண்டு. 2017 வரை சீட் உரிமைக்குக் கட்டும் நன்கொடையில் 80 சதவீதத்தை வரியில் கழிக்க முடிந்தது. 25 சதவீத வரி வரம்பில் இருந்தவருக்கு 1,000 டாலர் கட்டினால் உண்மையில் 800தான் செலவு. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. சாதாரண வரி கட்டுகிறவர்களின் பணத்தில் ஸ்டேடியம் சீட்டுக்குச் சலுகை கொடுத்ததை நிறுத்தியது சரி என்பதுதான் என் கருத்து, ஆனால் உங்கள் பையில் விழுந்த ஓட்டையில் ஒரு பகுதி அது.

மேல்தளத்து மூர்த்தி:

வரிச்சலுகை போனதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் சலுகை போனபோது நன்கொடையைக் குறைத்தார்களா? ஏற்றினார்கள். ஓஹையோ ஸ்டேட் கணக்கும் என் வாதத்துக்குத்தான் உதவுகிறது. 250 மில்லியன் வந்தும் போதவில்லை என்றால் 300 வந்தாலும் போதாது. வருகிற அளவுக்குச் செலவும் ஏறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் பக்கத்து மாநிலத்து அணியும் அதையே செய்கிறது. இந்தப் போட்டியில் என் நன்கொடை எங்கே போய் நிற்கும்? யாரிடமும் பதில் இல்லை.

பென் ஸ்டேட் 700 மில்லியன் டாலருக்கு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கிறது, மேற்குப் பக்கம் முழுக்க சொகுசு அறைகளும் கிளப் சீட்டுகளும். எல்லா இடத்திலும் பெஞ்சை எடுத்துவிட்டு மெத்தை வைத்த நாற்காலி போடுகிறார்கள். அதில் உட்காருகிறவர்கள் மூன்றாவது குவார்ட்டரில் உள்ளே ஏசியில் நின்று டிவியில் ஆட்டம் பார்ப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாம் டவுன் என்ற முக்கியமான முயற்சியில் எதிரணிக்குக் காது கேட்காமல் செய்வது நாங்கள். அந்தச் சத்தத்தைத்தான் டிவிக்காரனுக்கு விற்கிறார்கள்.

டல்லஸ் தம்பி:

அண்ணா, சின்ன கேள்வி. சரி, என்ன செய்யச் சொல்கிறீர்கள்? எல்லா சீட்டையும் மலிவாக்க முடியாது இல்லையா?

மேல்தளத்து மூர்த்தி:

எல்லாம் வேண்டாம் தம்பி. மேல்தளத்தில் 5,000 சீட்டை மட்டும் தனியாக வையுங்கள். பத்து வருடம் தொடர்ந்து வைத்திருந்தவருக்கு நன்கொடை இல்லாமல் கொடுங்கள். அதை மறுவிற்பனை செய்யக் கூடாது, போக முடியாத வாரம் பல்கலைக்கழகத்திடமே வாங்கிய விலைக்குத் திருப்பிக் கொடுக்கட்டும், அது ஒரு மாணவனுக்கோ உள்ளூர்ப் பள்ளிக்கூட அணிக்கோ போகட்டும்.

கொலம்பஸ் சேகர்:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நியூயார்க், கொலராடோ, விர்ஜினியா மாதிரி சில மாநிலங்களில் டிக்கெட்டைக் கைமாற்றும் உரிமைக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, அங்கே இது எளிதில் நடக்காது. மற்ற இடங்களிலும் டிக்கெட் இருக்கும் போனையே கையில் கொடுத்து அனுப்புகிறார்கள், யார் பிடிப்பது?

ஆன் ஆர்பர் அகிலா:

மாணவர் டிக்கெட்டை எப்படிப் பிடிக்கிறார்களோ அப்படித்தான் சார். அடையாள அட்டை இல்லாமல் வெளி ஆள் உள்ளே போக வேண்டும் என்றால் முழு விலைக்கான வித்தியாசத்தை வாசலில் கட்ட வேண்டும். பல கல்லூரிகளில் இப்போதே இருக்கும் வழக்கம்தான்.

கொலம்பஸ் சேகர்:

சரி, வாசலில் பிடிக்கலாம், அதை விட்டுவிடுகிறேன். கணக்கைப் பார்ப்போம். சீட்டுக்கு 400 டாலர் நன்கொடை என்று வையுங்கள், 5,000 சீட்டுக்கு 2 மில்லியன். பகிர்வுத் தொகையில் பத்தில் ஒரு பங்கு. எதிரணி அந்தப் பணத்தில் ஒரு நல்ல குவாட்டர்பேக்கை எடுத்துப் போவான். 2025 ஏப்ரலில் டென்னசி குவாட்டர்பேக் நிக்கோ இயமாலியாவா சம்பளப் பேச்சு முறிந்து அந்த அணியை விட்டு யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்குப் போனதைப் பார்த்தோமே. அப்போது அணி தோற்றால் முதலில் கோபப்படப் போவதும் நீங்கள்தான்.

நீச்சல்குளத்து அப்பா:

2 மில்லியன் உங்களுக்குக் குவாட்டர்பேக், எனக்கு அது ஒரு நீச்சல் அணி. அதை மேல்தளத்துக்கு விட்டுக்கொடுக்க என்னால் மனதார ஒப்புக்கொள்ள முடியவில்லை மூர்த்தி சார், மன்னிக்கவும். உங்கள் மேல் கோபம் இல்லை.

மேல்தளத்து மூர்த்தி:

எனக்கும் உங்கள் மேல் கோபம் இல்லை சார். ஆனால் அந்த 2 மில்லியனை என்னிடமா உங்கள் மகளிடமா என்று நாம் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம், அடுத்த கோச் ஒப்பந்தத்தில் 50 மில்லியன் வெளியேற்றத் தொகை எழுதுவதை யாரும் கேட்பதில்லை. எங்கள் அணியும் தோற்கட்டும், குவாட்டர்பேக் போகட்டும், அதற்காக நான் சீட்டை விடுகிறவன் இல்லை, தோற்றபோது விடவில்லையே, விலை ஏறியபோதுதான் விட்டேன். எங்கள் பல்கலைக்கழக அறங்காவலர் குழுவின் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள், அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த 5,000 சீட் யோசனையையும், கோச் ஒப்பந்தங்களைக் கையெழுத்துக்கு முன் வெளியிட வேண்டும் என்பதையும் அங்கே வைக்கப் போகிறேன். சேகர், உங்கள் கணக்கை இன்னும் கொஞ்சம் விரிவாக அனுப்புங்கள், என் எண்களில் ஓட்டை இருந்தால் இப்போதே தெரியட்டும்.