ரெண்டு தடவை அலைன்மென்ட் பண்ணியும் கார் இடது பக்கமே இழுக்குது

சில்க்போர்டு_சிக்கல்:
வணக்கம். வண்டி ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக், 2017 மாடல், 62,000 கி.மீ. டயர் 165/80 ஆர்14. ரெண்டு மாசமா இடது பக்கம் இழுக்குது. 60-ல போகும்போது ஸ்டியரிங் பிடியைத் தளர்த்தினா நாலு செகண்டுக்குள்ள பக்கத்து லேனுக்குப் போயிடுது. பிரேக் பிடிச்சாலும் ஆக்சிலேட்டர் மிதிச்சாலும் அதே அளவுதான், கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதிர்வு கிடையாது. பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கம் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபண்றது) ரெண்டு தடவை ஆச்சு. ரிப்போர்ட்ல டோ (மேலேர்ந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) முழுக்க பச்சை, அதாவது சரியான அளவுக்குள்ள. முன் கேம்பர் (சக்கரத்தோட சாய்வு; மேல்பக்கம் வெளியே சாஞ்சா பிளஸ்) இடது +0°15′, வலது −0°25′. காஸ்டர் (பக்கவாட்டுலேர்ந்து பார்த்தா ஸ்டியரிங் அச்சு பின்னாடி சாயுற அளவு) கட்டம் காலியா இருக்கு. இழுக்க ஆரம்பிச்ச சமயத்துல நடந்த வேலைன்னா கிளட்ச் மாத்தினதும், டயர்களை இடம் மாத்திப் போட்ட ரொட்டேஷனும்தான். கடைல "பெங்களூர் ரோடே அப்படித்தான் சார்"ங்கிறாங்க. அப்படியே விட்டுடலாமா?

காத்து_33:
ரோடு அப்படித்தான்ங்கிறது பாதி உண்மை. மழைத்தண்ணி வழியணும்னு நம்ம ரோடுங்களுக்கு சுமார் 2 சதவீதம் சரிவு குடுக்கிறாங்க. 3.5 மீட்டர் லேன்ல அது 7 செ.மீ. இறக்கம். நடுவுல டிவைடர் இருக்கிற ரோடுன்னா டிவைடர்லேர்ந்து இடது ஓரம் வரைக்கும் பெரும்பாலும் ஒரே சரிவுதான். அதனால வலது லேன்ல ஓட்டிப் பார்த்து "இங்கயும் இழுக்குதே"ன்னு முடிவு கட்டாதீங்க. நடு உயர்ந்து ரெண்டு பக்கமும் சரியுற ஒன்வே ரோட்டுல, விடியக்காலம் வண்டி இல்லாத நேரத்துல, ஒரு தடவை இடது பாதியில, ஒரு தடவை வலது பாதியில 40-ல ஓட்டுங்க. ஸ்டியரிங்லேர்ந்து கையை எடுக்க வேணாம், விரலைத் தளர்த்தினாப் போதும். வலது பாதியில வலது பக்கம் மெதுவா சாயணும். அங்கயும் இடதுக்கே போச்சுன்னா கோளாறு வண்டியில.

அடுத்து காத்து. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம, சொந்த கேஜ்ல பாருங்க. பங்க் மெஷின் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு காட்டும். டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுதான் கணக்கு. முன்பக்கம் ரெண்டுக்கும் நடுவுல 4 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே குறைஞ்ச பக்கம் இழுக்கும்.

மூணாவது, முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க. ரேடியல் டயர்ல உள்ள பெல்ட் (ரப்பருக்குள்ள இருக்கிற கம்பி அடுக்கு) கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தா டயர் ஒரு கூம்பு மாதிரி உருளும். பார்வைக்குத் தெரியாது, எந்த அலைன்மென்ட் மெஷினும் காட்டாது. மாத்தினதும் இழுவை வலதுக்குப் போச்சுன்னா டயர்தான். நின்னு போச்சுன்னாலும் டயர்தான். ரொட்டேஷனுக்கு அப்புறம் ஆரம்பிச்சதுனால இதைக் கண்டிப்பா பாருங்க. பக்கவாட்டுல அம்புக்குறி போட்ட டயரா இருந்தா மட்டும் இடது வலது மாத்தாதீங்க, முன்னது பின்னாடி பின்னது முன்னாடின்னு போடுங்க.

எலக்ட்ரானிக்சிட்டி_எக்ஸ்பிரஸ்:
வீல் பேலன்சிங் பண்ணிப் பாருங்க ப்ரோ, சரியாகிடும்.

காத்து_33:
பேலன்சிங் தப்பா இருந்தா 80-க்கு மேல ஸ்டியரிங் உதறும். ஒரு பக்கமா இழுக்காது. அதிர்வு இல்லன்னு அவரே எழுதியிருக்காரு.

பதினாலாம்_நம்பர்_ஸ்பேனர்:
சார், டோ பச்சையா இருக்கிறதுனால இந்தக் கேள்விக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. முன் டோ தப்பா இருந்தா டயர் தேயும், ஸ்டியரிங் கோணலா நிக்கும், ஆனா வண்டி பெரும்பாலும் நேராத்தான் போகும். இழுவைக்குப் பார்க்க வேண்டியது கேம்பரும் காஸ்டரும். அதுவும் தனித்தனி அளவை விட, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்.

கேம்பர் எந்தப் பக்கம் பிளஸ் அதிகமோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். ரெண்டுலயும் 30 நிமிஷத்துக்கு (இது கோண அளவு, 60 நிமிஷம் ஒரு டிகிரி) மேல வித்தியாசம் இருந்தா கையில தெரிய ஆரம்பிக்கும். உங்க கேம்பர் வித்தியாசம் 40 நிமிஷம், இடது பிளஸ். ரோடு சரிவும் இடது. ரெண்டும் சேர்ந்துக்குது.

இப்ப அந்த ரெண்டு நம்பரையும் திரும்பப் பாருங்க. சராசரி −0°05′. அதுலேர்ந்து இடது 20 நிமிஷம் மேல, வலது சரியா அதே 20 நிமிஷம் கீழ. பள்ளத்துல இறங்கி ஒரு பக்கம் வளைஞ்சிருந்தா ஒரு பக்கம்தான் கெட்டுப்போகும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு எதிரெதிரா நகர்ந்திருக்குன்னா, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கிற கை) ரெண்டையும் தாங்குற சப்ஃபிரேம் (பாடிக்கு அடியில போல்ட் போட்டிருக்கிற இரும்புச் சட்டம்) மொத்தமா வலது பக்கம் ஒதுங்கியிருக்கான்னு சந்தேகப்படணும். கிளட்ச் மாத்தும்போது கியர்பாக்ஸ் இறக்க நிறைய வண்டியில சப்ஃபிரேமையும் இறக்குவாங்க. போல்ட் ஓட்டையில சில மி.மீ. இடைவெளி இருக்கும். அடையாளம் வைக்காம ஏத்தி முடுக்கினா இப்படித்தான் உட்காரும்.

உறுதிப்படுத்த அலைன்மென்ட் கடையில ரெண்டு அளவு கேளுங்க. ஒண்ணு காஸ்டர். அதுக்கு டர்ன் பிளேட் (சக்கரத்துக்கு அடியில வைக்கிற சுழலுற தட்டு) மேல ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பி அளக்கணும். ரெண்டு நிமிஷ வேலை, அதை மிச்சம் பிடிக்கத்தான் கட்டத்தைக் காலியா விடுறாங்க. இன்னொண்ணு கிங்பின் இன்க்ளினேஷன் (முன்னாலேர்ந்து பார்த்தா ஸ்டியரிங் அச்சு உள்ளே சாயுற அளவு), அதே திருப்புதல்ல கிடைச்சுடும். அதோட கேம்பரைக் கூட்டுங்க. கூட்டுத்தொகை ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தா எதுவும் வளையல, சப்ஃபிரேம்தான் ஒதுங்கியிருக்கு. வேற வேறயா வந்தா ஒரு பக்கத்து ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கோட இருக்கிற ஷாக் அப்சார்பர்) இல்லன்னா நக்கிள் (சக்கரம் மாட்டுற இரும்புத் துண்டு) வளைஞ்சிருக்கு.

முக்கியமா, "கேம்பர் கரெக்‌ஷன்"னு சொல்லி ஹைட்ராலிக் வச்சு ஸ்ட்ரட்டை வளைக்க வந்தா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க. ரிப்போர்ட் பச்சையாகும், நல்லா இருந்த பார்ட் வளைஞ்சிருக்கும்.

ஹம்ப்_எண்ணி:
மேல சொன்னதுக்கு முன்னாடி ஓசியில பார்க்கக்கூடியது ரெண்டு. பிரேக் அதிகம் பிடிக்காம பத்து கி.மீ. ஓட்டி, தானா உருண்டு நிக்க விட்டு, வீல் நட்டு பக்கத்துல கையைக் கிட்டக் கொண்டுபோங்க, டிஸ்க்கைத் தொடாதீங்க. இடது மட்டும் சுட்டா காலிப்பர் (டிஸ்க்கை அழுத்துற பிரேக் கவ்வி) விடாம பிடிச்சிருக்கு. ஜாக்கி போட்டு சுத்தினா கனமா சுத்தும். அந்த நிலைமையில பிளீடர் நிப்பிளை (காலிப்பர்ல பிரேக் ஆயில் வெளியேத்துற திருகு) தளர்த்தினதும் சக்கரம் விட்டா, பிரஷர் திரும்பிப் போகாம காலிப்பர்ல தேங்குது, அநேகமா பிரேக் ஹோஸ் உள்ளே அடைச்சிருக்கும். அப்பவும் விடலன்னா பிஸ்டன் இல்லன்னா ஸ்லைடு பின் துரு.

இன்னொண்ணு, வலது பக்கம் திரும்பி வந்தா வலதுக்கும், இடது திரும்பி வந்தா இடதுக்கும் மாறி மாறி இழுக்குதான்னு பாருங்க. அப்படின்னா ஸ்ட்ரட் மேல இருக்கிற பேரிங் இறுகியிருக்கு. இழுவை எப்பவும் இடதுன்னா அது இல்ல.

சில்க்போர்டு_சிக்கல்:
எல்லாருக்கும் நன்றி. காலையில காத்து ரெண்டு பக்கமும் 33. முன் டயர் ரெண்டையும் மாத்திப் போட்டாச்சு, இழுவை இன்னும் இடதுதான். ஒன்வே ரோட்டுல வலது பாதியிலயும் இடதுக்கே போகுது. சூடு ரெண்டு சக்கரமும் ஒண்ணுதான். வேற கடையில அளந்தாச்சு: காஸ்டர் இடது 3°10′, வலது 3°20′. கிங்பின் இடது 12°10′, வலது 12°50′. கேம்பர் பழைய அளவேதான்.

பதினாலாம்_நம்பர்_ஸ்பேனர்:
இடது 12°10′ கூட்டல் 0°15′, 12°25′. வலது 12°50′ கழித்தல் 0°25′, அதுவும் 12°25′. எதுவும் வளையல. காஸ்டர்ல 10 நிமிஷம் ஒரு பொருட்டில்ல. சப்ஃபிரேம் ஒதுங்கியிருக்கு. ஸ்ட்ரட் மேல்முனைக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் (லோயர் ஆர்ம் சக்கரத்தோட சேர்ற மூட்டு) சுமார் 600 மி.மீ. உயரம்னு வச்சா, 20 நிமிஷத்துக்கு மூணரை மி.மீ. அவ்வளவுதான் இடதுக்குத் தள்ளணும்.

வேலை: வண்டியை லிஃப்ட்ல ஏத்தணும், வெறும் ஜாக்கியில நிறுத்தி அடியில படுக்கக் கூடாது. சப்ஃபிரேமுக்கு கியர்பாக்ஸ் ஜாக் முட்டு குடுத்து, நாலு போல்ட்டையும் ரெண்டு மூணு சுத்து மட்டும் தளர்த்தணும், கழட்டிடக் கூடாது. மொதல்ல போல்ட் வாஷர் தடம் பாருங்க. பழைய பளபளப்பு வட்டம் ஒதுங்கித் தெரிஞ்சா எவ்வளவு நகர்ந்திருக்குன்னு அதுவே சொல்லும். சப்ஃபிரேம்லயும் பாடியிலயும் நேருக்கு நேர் கைடு ஓட்டை இருந்தா அதுல சரியான தடிமன் கம்பி விட்டு நேர் பண்ணிப் பிடிங்க. இல்லன்னா பிரை பார் (நெம்புகோல்) வச்சு இடதுக்குத் தள்ளி, ரெண்டு பக்கமும் பாடியிலேர்ந்து பால் ஜாயின்ட்டுக்கு டேப் வச்சு அளந்து சமமானதும் டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்கம்னு காட்டுற ஸ்பேனர்) முடுக்கணும். எவ்வளவு டார்க், புது போல்ட் வேணுமாங்கிறது உங்க மாடல் மேனுவல்ல இருக்கும். போல்ட் வேணும்னா ஜேசி ரோட்டுல கிடைக்கும், நீளமும் கிரேடும் பார்த்து வாங்குங்க.

சப்ஃபிரேமை முடுக்குறதுக்கு முன்னாடி லோயர் ஆர்ம் பின் புஷ் (ரப்பர் உருளை) ரெண்டையும் ஒரு தடவை பாருங்க. 62,000-ல ரப்பர் வெடிச்சிருந்தா இதோட மாத்திடலாம். புஷ் போல்ட்டை மட்டும் சக்கரம் தொங்கும்போது முடுக்காதீங்க, வண்டி எடை சக்கரத்து மேல நின்னப்புறம்தான் கடைசி முடுக்கு. இல்லன்னா ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

முடிஞ்சதும் டோ திரும்ப வைக்கணும், கண்டிப்பா கெட்டிருக்கும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்னா ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர்ல ஜீரோ பண்ணச் சொல்லுங்க. புது ரிப்போர்ட்ல கேம்பர் ரெண்டு பக்கமும் −0°05′ பக்கத்துல வரணும். பிரிண்ட் எடுத்து இங்க போடுங்க.