சிக்னலில் நின்றாலே எஞ்சின் அணைந்துவிடுகிறது, பெட்ரோல் பம்ப்தான் காரணமா?

கேள்வி (நாகமலை புதுக்கோட்டை)

வணக்கம். என்னுடையது 2011 மாடல் பெட்ரோல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக நின்ற இடத்தில் எஞ்சின் அணைந்துவிடுகிறது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும். திருமங்கலம் நான்கு வழிச் சாலையில் எண்பதில் போனாலும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் காளவாசல் சிக்னலில் வந்து நின்றதும் ஆர்பிஎம் முள் 800-லிருந்து 500-க்கு இறங்கி, வண்டி முழுக்க உதறி, அணைந்துவிடும். ஏசி போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். போன வாரம் கோரிப்பாளையத்தில் மூன்று முறை இப்படி ஆனது, பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்க, பக்கத்தில் இருந்த அம்மா பயந்துபோய்விட்டார்கள்.

ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் ப்ளக்கும் மாற்றியாயிற்று. பெட்ரோல் பம்ப் போய்விட்டது, 7,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகணும். மாற்றிவிடலாமா?

பதில் (திருமங்கலம்)

அவசரப்பட்டு மாற்றாதீர்கள் அண்ணே. பம்ப் வீக்காக இருந்தால் எஞ்சின் நிறைய பெட்ரோல் கேட்கிற இடத்தில்தான், அதாவது ஏற்றத்திலும் வேகத்திலும்தான் முதலில் திணறும். உங்களுக்கு எண்பதில் ஒன்றும் இல்லை, நிற்கும்போதுதான் பிரச்சினை என்றால் காற்றுப் பக்கம்தான் முதலில் பார்க்கணும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்றை அளந்து விடும் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஓரத்து இடுக்கு வழியாகவும், ஐடில் கன்ட்ரோல் வால்வ் வழியாகவும் போகிற கொஞ்சம் காற்றில்தான் எஞ்சின் ஓடுகிறது. அங்கே கரி படிந்தால் காற்று போதாமல் அணையும். அதற்கு நேர்மாறாக, எங்கேயாவது வாக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சு இழுப்பைக் கடத்தும் ரப்பர் குழாய்) வெடித்து வேண்டாத காற்று உள்ளே போனாலும் பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து, கலவை மெலிந்து இதே மாதிரிதான் உதறும்.

ஒன்று சொல்லுங்கள். பிரேக்கை மிதித்து நிற்கும்போது மட்டும் அணைகிறதா, இல்லை வீட்டு வாசலில் ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் சும்மா விட்டாலும் அணைகிறதா?

பதில் (மேலூர்)

ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக் கொடைக்கானல் போய்விட்டு வாருங்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பதில் (திருமங்கலம்)

கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. உங்களுடையது போன்ற இன்ஜெக்ஷன் வண்டியில் ஐடிலிங்கை கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறது. தட்டு முழுக்க மூடிவிடாமல் கம்பெனியில் நிறுத்தி வைத்த ஸ்க்ரூ அது, தயவுசெய்து யாரும் திருகாதீர்கள். திருகினால் ஒரு வாரம் சரியானது போலத் தெரியும், உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை சோதித்தேன். ஹேண்ட் பிரேக்கில் பத்து நிமிஷம் விட்டேன், லேசான உதறல் மட்டும், அணையவில்லை. பிரேக்கை மிதித்தேன், முள் உடனே இறங்கியது. இரண்டாவது மிதியில் அணைந்துவிட்டது. நீங்கள் கேட்கும் வரை இதை நான் கவனிக்கவே இல்லை. மிதித்தால் பானெட் பக்கத்திலிருந்து ‘உஸ்’ என்று ஒரு சத்தமும் வருகிறது.

பதில் (திருமங்கலம்)

அண்ணே, இனி இதை எஞ்சின் கோளாறாக மட்டும் நினைக்காதீர்கள், பிரேக் சம்பந்தப்பட்டது. பிரேக் பூஸ்டர் என்கிற வட்டமான டப்பா எஞ்சின் இழுக்கும் வாக்குவத்தை வைத்துத்தான் நம் மிதிக்குப் பலம் சேர்க்கிறது. அதன் ஹோஸோ உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வோ கிழிந்திருந்தால், மிதிக்கும்போது கூடுதல் காற்று நேராக எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் போய் எஞ்சினை அணைக்கும். அணைந்த பிறகு பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். வத்தலக்குண்டு தாண்டி மலை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சரியாகும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிவிடும். அப்படியே மிதித்த கால் எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கணும். இறங்கவில்லை என்றால் ஹோஸ், அதில் இருக்கும் ஒருவழி வால்வ், பூஸ்டர் மூன்றில் ஒன்று. அடுத்து, மேனிஃபோல்டிலிருந்து அந்த ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டுப் பக்கத்துத் துளையை ரப்பர் மூடியால் இறுக்கமாக அடைத்து, வண்டியை நகர்த்தாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங் சீராக ஓடினால் ஓட்டை அந்த லைனில்தான். சிலர் லீக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சினில் பெட்ரோல் தெளிப்பார்கள், தீப்பிடிக்கும், செய்யவே கூடாது.

கேள்வி கேட்டவர் (மூன்று நாள் கழித்து)

பெடல் இறங்கவே இல்லை. துளையை அடைத்ததும் முள் 800-ல் கிட்டத்தட்ட ஆடாமல் நின்றது. ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் வளைவின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு, மேலிருந்து பார்த்தால் நல்ல ஹோஸ் மாதிரியே இருந்தது. ஸ்கேனர் வைத்துப் பார்த்த நண்பர் பி0171 கோட் வந்திருப்பதாகச் சொன்னார், கலவை மெலிவு என்று அர்த்தமாம். புது ஹோஸ் போட்டேன். த்ராட்டில் பாடியைக் கழற்றினால் தட்டோரம் முழுக்கக் கரி, அதையும் சுத்தம் செய்தாயிற்று, மிச்சமிருந்த உதறல் அதனால்தான் போல. பம்பைத் தொடவே இல்லை. ஏசி போட்டு, பிரேக்கை மிதித்து அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்தேன், அணையவில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பதில் (திருமங்கலம்)

ரொம்ப சந்தோஷம் அண்ணே. போட்டது வாக்குவத்துக்கான ஹோஸ்தானே? சாதாரண தண்ணீர் ஹோஸ் சூட்டில் இளகி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெடல் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள், இப்போது இறங்கணும்.

பதில் (உசிலம்பட்டி)

எனக்கு வேறு மாதிரி. பெட்ரோல் போட்டுவிட்டு பங்கை விட்டுக் கிளம்பினால் மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு அணைந்து அணைந்து ஓடுகிறது. பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதில் (திருமங்கலம்)

டேங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வ் மூடாமல் நிற்கிறதா பாருங்கள். வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது டேங்க் பக்கத்திலிருந்து அதற்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் துளையில் விரலை வைத்தால் இழுக்கக் கூடாது. பங்கில் நாசில் தானாக நின்ற பிறகும் கழுத்து வரை நிரப்பச் சொல்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

வாக்குவம் ஹோஸ்தான் அண்ணே, கேட்டுத்தான் வாங்கினேன். பெடல் இறங்குகிறது.