பக்கத்து வரப்பில் எலி மருந்து: என் வயல் கூகைக்கு ஆபத்தா?

வெண்ணாற்றங்கரை:
சம்பா தூர் கட்டுகிறது. கறம்பை எலி வரப்பைச் சல்லடையாக்கிவிட்டது. வயலுக்குள் தென்னை மட்டைகளைத் தலைகீழாக ஊன்றியிருக்கிறேன். மோட்டார் கொட்டகையில் தங்கும் கூகைச் சோடி, எலி பிடிக்கும் ஆந்தைகள், இருட்டியதும் அவற்றில்தான் வந்து உட்காரும். இப்போது பக்கத்து வயல்காரர் வளைக்கு வளை புரோமோடையலோன் என்ற எலி மருந்து வில்லை வைக்கிறார். நேற்றுப் பட்டப்பகலில் ஓர் எலி என் காலடியிலேயே தள்ளாடிப் போனது. ஆந்தை அலறினாலே ஆகாது என்னும் ஊரில் கூகைக்குப் பரிந்து பேசினால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மருந்து எலியோடு நின்றுவிடுமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
நிற்காது, தம்பி. அது உடலில் வைட்டமின் கே செயல்படுவதைக் கெடுக்கும். இரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசியும். எலி சாகச் சில நாட்கள் பிடிக்கும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. கடைக்காரர் பெருமையாகச் சொல்வதும் இதைத்தான். அந்த நாட்களில் தள்ளாடும் எலியைவிடக் கூகைக்கு எளிய இரை ஏது? மருந்து கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும், தின்னத் தின்னச் சேரும். நியூயார்க்கில் 2024 பிப்ரவரியில் இறந்த ஃபிளாக்கோ என்ற ஆந்தையின் உடலில் இத்தகைய எலி மருந்துகள் நான்கு இருந்தன.

மேட்டுத்தெரு:
பேசுவது எளிது, ஐயா. கதிரை எலி அறுத்தால் கூகையா கடன் கட்டும்? அதற்குப் பதில் ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்தை வைக்கலாமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
உங்கள் கோபம் நியாயம்தான். ஜிங்க் பாஸ்பைடு புரோமோடையலோன்போல உடலில் சேர்ந்து தங்காது. கூகைக்கு ஆபத்து குறைவு. ஆனால் பொரியோடு கலந்து வைத்ததை மயில் நேரடியாகத் தின்றால் சாகும், நாயும் தப்பாது. வளைக்குள் வைத்து மண்ணால் மூடுங்கள். இறந்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

கிட்டிக்காரர் மகன்:
அண்ணா, மருந்துக்கு முன் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வையுங்கள். அப்பா அந்தியில் வைத்துவிட்டு விடியலில் எடுப்பார். எலி நடமாடும் தடம் பார்த்து வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரப்பையும் ஒடுக்கிக் கட்டுங்கள். அகல வரப்பில்தான் வளை பெருகும். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயலில் மட்டும் பிடித்தால் அடுத்த வாரமே அங்கிருந்து வந்துவிடும்.

வெண்ணாற்றங்கரை:
கிட்டிக்கு ஆள் சொல்லிவிட்டேன். பக்கத்து வயலுக்கும் கூலி நானே தருகிறேன் என்றதும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மட்டைகளை எப்போது பிடுங்குவது?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
பூ விட்டதும். பால் பிடிக்கும்போது அதே மட்டையில் நெல் தின்னும் பறவைகள் உட்காரும்.