ஜப்பானில் தகாய்ச்சி பிரதமராவதைத் தடுக்க எண்ணிக்கை இருந்தும் ஏன் முடியவில்லை?

கேள்வி: 2025 அக்டோபரில் கூட்டணிக் கட்சியான கொமெய்தோ விலகியதும் தகாய்ச்சி தலைமையிலான லிபரல் ஜனநாயகக் கட்சிக்குக் கீழவையில் 196 இடங்கள்தான் இருந்தன. எதிரே அரசியலமைப்பு ஜனநாயகக் கட்சி 148, இஷின் 35, மக்கள் ஜனநாயகக் கட்சி 27, கூட்டினால் 210. மக்கள் ஜனநாயகக் கட்சித் தலைவர் தமாகியைப் பிரதமர் பதவிக்குப் பொது வேட்பாளராக்கவும் பேச்சு நடந்தது. அப்புறம் எங்கே சறுக்கியது?

பதில் 1: கொள்கையில்தான். கூட்டாளி நாடுகளுக்காகவும் படைபலத்தைப் பயன்படுத்த வழிவிட்ட 2015 பாதுகாப்புச் சட்டங்கள், அணுமின் நிலையங்கள் இரண்டிலும் நோதா தலைமையிலான அரசியலமைப்பு ஜனநாயகக் கட்சி நிலைப்பாட்டை மாற்ற வேண்டும் என்று தமாகி கேட்டார், அது நடக்கவில்லை. அக்டோபர் 15 அன்று மூன்று கட்சித் தலைவர்களும் உட்கார்ந்து பேசினார்கள், அதே நாளில் இஷின் தகாய்ச்சியையும் சந்தித்தது. அங்கேயே கதை முடிந்துவிட்டது.

பதில் 2: தமாகி மேல் எனக்குக் கோபமே உண்டு. பிரதமர் நாற்காலி அவ்வளவு பக்கத்தில் வந்தும் நிபந்தனையை விடவில்லை. 1993இல் லிபரல் ஜனநாயகக் கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கிப் பிரதமரான ஹொசொகாவாவுக்குப் பின்னால் எட்டு அணிகள் சேர்ந்தன, சோஷலிஸ்டுகளும் இருந்தார்கள், அரசியல் சீர்திருத்தம் என்ற ஒரே பிடிப்பில்.

பதில் 3: சரி, ஆனால் ஹொசொகாவா ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லையே. பாதுகாப்பில் ஒத்துப்போகாதவர்கள் ஆட்சி அமைத்து அடுத்த வசந்தத்தில் கவிழ்வதைவிடத் தமாகி செய்ததே நேர்மை. எனக்கு உறுத்துவது இஷின்தான்: கட்சிகளுக்கான நிறுவன நன்கொடையைத் தடை செய்யச் சொன்ன கட்சி, அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தகாய்ச்சியோடு செய்த கூட்டணி ஒப்பந்தத்தில் தள்ளிவைத்துவிட்டு, எம்பிக்கள் எண்ணிக்கைக் குறைப்பை முன்னே வைத்தது. அக்டோபர் 21ஆம் தேதி பிரதமர் தேர்வில் 465 பேர் அவையில் தகாய்ச்சிக்கு முதல் சுற்றிலேயே 237 வாக்குகள்.