அண்டர்-16 பாஸ்கெட்பால் லீக்: வயது விதியை எப்படி எழுதுவது?

வணக்கம். ஊர் லீக்குக்கு விதிமுறை தயாராகிறது, உதவி தேவை. ஆட்டத்துக்கு ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிதான்: 10 நிமிடக் குவார்ட்டர் நான்கு, அணிக்கு 12 பேர், ஐந்தாவது ஃபவுலில் வெளியே. அதில் குழப்பமில்லை.

தலைவலி தகுதியில்தான். "16 வயதுக்குட்பட்டோர்" என்று மட்டும் போட்டால் சண்டை நிச்சயம். எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுவது? ஜனவரி 1-ஆ, லீக் தொடங்கும் நாளா? பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தேதி வேறுபட்டால் எது செல்லும்? சான்றிதழில் பிறந்த தேதியோடு பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பிறந்து பத்து வருடம் கழித்துப் பதிவானது என்றால் பள்ளி ஆவணமும் கேட்பது நல்லது.

ஸ்கோர்ஷீட்டில் பெயர் இருந்தால் தாமதமாக வந்தவனும் இறங்கலாம். பெயரே இல்லாதவனை ஆட்டம் தொடங்கியபின் சேர்க்க முடியாது. ஆனால் வயது மீறியவன் ஆடியது மூன்று ஆட்டம் கழித்துத் தெரிந்தால்? மூன்றுக்கும் எதிரணிக்கு 20-0 வெற்றி கொடுப்பதா, புகார் வந்த ஆட்டத்துக்கு மட்டுமா? புகாருக்குக் கெடு எத்தனை மணி நேரம்?

லீக் நடத்தியவர்கள் உங்கள் விதியின் வாசகத்தை அப்படியே போடுங்கள்.